8 வகுப்புக்குப் பணம் கட்டி ஏமாந்த கதை: தத்தெடுத்த நாயைப் பயிற்சிக்குச் சேர்க்கும் முன் படித்துவிடுங்கள்

8 வகுப்புக்கான முழுக் கட்டணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். காப்பகத்திலிருந்து வந்த நாயை இரண்டே வகுப்பில் பயத்தில் உறைய வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது போனை எடுப்பதில்லை. பெயர் போடவில்லை. நாய்களைக் குழுவாகச் சேர்த்துக் கீழ்ப்படிதல் சொல்லித்தரும் பயிற்சிப் பள்ளி, இவ்வளவு தெரிந்தால் போதும்.

நம்ப வைத்ததுதான் இன்னும் வயிறு எரிய வைக்கிறது. அறிமுகச் சந்திப்பில் தலைமைப் பயிற்சியாளர் செய்தது அத்தனையும் சரி. நாயின் கண்ணைப் பார்க்கவில்லை, தலையைத் தடவக் கை நீட்டவில்லை. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, ஒரு டிரீட்டைத் தள்ளிப் போட்டார், அடுத்ததைக் கொஞ்சம் கிட்டே, அதற்கடுத்ததை உள்ளங்கையில். நாய் தானாக வந்து எடுத்தது. "இவனுக்கு அவசரமே ஆகாதுங்க. மத்த நாய்ங்ககிட்ட விட மாட்டோம், தடுப்புக்குப் பின்னாடி தள்ளி நிறுத்தித்தான் ஆரம்பிப்போம்" என்றார். விஷயம் தெரிந்தவர் பேசுகிற பேச்சு. அங்கேயே முழுப் பணமும் கட்டியாயிற்று.

வகுப்பில் அவர் இல்லவே இல்லை. இரண்டு உதவியாளர்கள், வழுக்கும் டைல்ஸ் தரை, குரைப்பு எதிரொலிக்கும் கூடம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஏறக்குறைய ஒரு டஜன் நாய்கள். தடுப்பு என்று ஒன்று கிடையாது. மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ் வாரைக் கழற்றச் சொல்லிக் கழுத்தில், இழுத்தால் இறுகும் சோக் செயினை மாட்டினார்கள். குரைத்தால் ஒரு சுண்டு, பின்வாங்கினால் ஒரு சுண்டு. நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது, தூக்கமில்லாமலேயே கொட்டாவி விட்டது. காது பின்னால் ஒட்டிக்கொண்டது, கண்ணோரத்து வெள்ளை தெரிந்தது, வால் வயிற்றுக்கடியில் போய்விட்டது. வீட்டில் பாய்ந்து வாங்கும் அதே டிரீட்டை மூக்கருகில் வைத்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் படுத்து அசையாமல் கிடந்தது. "பாத்தீங்களா, அடங்கிட்டான்!" என்று பெருமையாக வேறு சொன்னார்கள்.

பிடித்த தீனியையே தொடாத அளவுக்குப் பயந்த நாய் அந்த நேரத்தில் உட்கார், இரு, வா எதையும் கற்கப்போவதில்லை. பயப்படும் பொருளுக்கு நடுவில் தப்ப வழியில்லாமல் நிறுத்துவது, நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் தள்ளுவதற்குச் சமம். சரியான முறை நேரெதிர்: மற்ற நாயைப் பார்த்தும் டிரீட் வாங்கிக்கொள்ளும் தூரத்தில் நிறுத்தி, பார்த்த ஓரிரு நொடிக்குள் பட்டாணி அளவு டிரீட் கொடுத்து, உடம்பு தளர்ந்த பிறகே ஓரடி நெருங்க வேண்டும். சோக் செயின் குரல்வளையை நெரிக்கும். உறுமலுக்குத் தண்டனை கொடுத்தால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு உறுமாமலே கடிக்கலாம்.

கேட்டால் "நீங்கதான் ஆல்ஃபான்னு காட்டணும்" என்கிறார்கள், அதாவது கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன். 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-லேயே எழுதிவிட்டார். விலங்கு நடத்தை மருத்துவத்துக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021-இல் எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையைத்தான் பரிந்துரைத்தது. இதையெல்லாம் படிக்காதவர்களிடம்தான் 8 வகுப்புப் பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "கோர்ஸ் முடியட்டும், மாற்றம் தெரியும்." அப்புறம் "காப்பக நாய்னா அப்படித்தான், முன்னாடி யாரோ அடிச்சிருப்பாங்க." அடுத்து "வீட்ல நீங்க பிராக்டீஸ் பண்ணல." அதற்கும் மசியவில்லை என்றதும், கட்டணம் திரும்பத் தரப்படாது என்று படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படம் பிடித்து அனுப்பினார்கள். உச்சகட்டமாக, நாய்க்கு இப்போது வந்திருக்கும் பயத்தைப் போக்கத் தனி வகுப்பு இருக்கிறதாம், அதற்குத் தனிக் கட்டணமாம்! அறிமுகத்தில் அவ்வளவு பொறுமையாகப் பேசியவர் ஒரு மெசேஜுக்கும் பதில் போடவில்லை. நடக்காத 6 வகுப்பின் பணத்தையாவது கொடுங்கள் என்றால் அதற்கும் மௌனம்தான். லீஷை எடுத்தாலே நாய் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்குகிறது.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். புதிதாக வந்த நாயை உடனே குழு வகுப்பில் சேர்க்காதீர்கள். வீடு பழகவே வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். முதலில் நாயில்லாமல் போய் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள், விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தடுப்பூசிச் சான்று கேட்காத இடத்துக்குள் நுழையவே வேண்டாம். அறிமுகத்தில் வந்தவரே வகுப்பெடுப்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். எத்தனை சதவீதத் தள்ளுபடி தந்தாலும் 8 வகுப்புக்கும் மொத்தமாகக் கட்டாதீர்கள்.