ஒரே பம்பில் மூன்று ரியாக்டர்: பெரிய பவளத் தொட்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பெரிய கடல்நீர்ப் பவளத் தொட்டிக்கு வேண்டிய கரி, ஜிஎஃப்ஓ, பயோபெல்லட் ஆகிய மூன்று வடிகட்டும் பொருள்களுக்கும் (‘மீடியா’) தனித்தனியே ரியாக்டர் (மீடியாவின் ஊடே நீரைச் செலுத்தும் உருளை) வாங்க வேண்டியதில்லை, மூன்றையும் வரிசையாக இணைத்து ஒரே பம்பில் ஓட்டும் ‘செட்’ ஒன்று இருக்கிறது என்று எவரேனும் சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். சிங்கப்பூரில் உள்ள ஒரு கடை இந்த அமைப்பைப் பம்ப், குழாய், மீடியா, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எனக்கு விற்றது. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே அமைப்பை வேறு கடைகளும் விற்கின்றன என்பதால், பெயரைவிட அமைப்பை அடையாளம் கண்டுகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

என் தொட்டி 240 செ.மீ. நீளமும், 70 செ.மீ. அகலமும், 70 செ.மீ. உயரமும் உடையது. பாறையையும் மணலையும் கழித்து, கீழேயுள்ள சம்பை (வடிகட்டும் துணைத் தொட்டியை)ச் சேர்த்துக் கணக்கிட்டால், சுற்றி ஓடும் நீர் ஏறத்தாழ 1,300 லிட்டர். மீன்கள் அதிகம், தீனியும் தாராளம் என்பதால் பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் 0.30 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 0.30 பங்கு) ஒட்டியே நின்றது. அக்ரோபோரா உட்பட எல்லாப் பவளங்களும் அந்த அளவுக்குப் பழகி வளர்ந்துகொண்டிருந்தன என்றாலும், கண்ணாடியில் பாசி ஓயாமல் படிந்ததால், சில மாதங்களில் பாஸ்பேட்டை 0.10க்குக் கீழே மெதுவாகக் கொண்டுவர வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். தொட்டியின் அளவு, நீரின் அளவு, அப்போதைய பாஸ்பேட், ‘மெதுவாக’ என்ற நிபந்தனை ஆகிய நான்கையும் வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். அவர் அனுப்பிய பதில், இந்தச் செட் 2,000 லிட்டர் பவளத் தொட்டிக்கே போதும், மூன்று மீடியாவுக்கும் ஏற்றது, இடமும் மிச்சம் என்பதே.

அந்தப் பதில் ஏன் தவறானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. மூன்று மீடியாவும் மூன்று விதமான ஓட்டத்தைக் கேட்பவை. கரி அசையவே கூடாது. இரண்டு பஞ்சுகளுக்கு இடையே இறுக்கமாக அமர்ந்திருக்க, நீர் அதன் ஊடே நிதானமாகக் கடந்து செல்ல வேண்டும். ஜிஎஃப்ஓ எனப்படும், பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடுக் குறுணையில் மேல்மட்டம் மட்டும், அடங்கிய தீயில் உலையரிசி அசைவதுபோல, மெல்ல அசைய வேண்டும். அசையாமல் கிடந்தால் அது கட்டிபிடித்துக்கொள்ளும், நீர் ஓரிரு பிளவுகளின் வழியே மட்டும் ஓடிவிடும். வேகம் கூடினாலோ குறுணைகள் ஒன்றோடொன்று உரசித் துருநிறத் தூளாக அரைபடும். பயோபெல்லட் இவ்விரண்டுக்கும் நேர்மாறானது. பாக்டீரியாவுக்கு உணவாகும் பாலிமர் உருண்டைகளான அவற்றின் மேல் வளரும் படலம் நைட்ரேட்டையும், அதைவிடக் குறைவான விகிதத்தில் பாஸ்பேட்டையும் உட்கொண்டு பெருகுகிறது; அந்தப் படலம் உதிர்ந்துகொண்டே இருக்கும்படி உருண்டைகள் இரவும் பகலும் வலுவாகப் புரள வேண்டும். உதிர்ந்த படலத்தைச் சுமந்து வெளிவரும் நீர் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் உறிஞ்சும் வாயின் அருகிலேயே விடப்பட்டால்தான் அது தொட்டிக்குள் பரவாமல் நுரையோடு வெளியேறும்.

மூன்று உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், முதலாவதில் நுழையும் நீர் முழுவதும் மூன்றாவதிலும் ஓடியாக வேண்டும். உருளைகளும் ஒரே குறுக்களவு உடையவை என்பதால் வேகமும் மூன்றிலும் ஒன்றுதான். பெல்லட் புரளும் அளவுக்குத் திறந்தால் ஜிஎஃப்ஓ அரைபடும். ஜிஎஃப்ஓவுக்குப் பொருந்தும்படி அடைத்தால் பெல்லட் உறங்கிவிடும். நடுவே வால்வு வைத்தாலும் இது தீராது, ஏனெனில் தொடர்வரிசையில் எந்த வால்வை அடைத்தாலும் மூன்றுக்கும் சேர்த்தே அடைபடும். ஒவ்வோர் உருளைக்கும் தனிக் கிளையும், கிளைக்கு ஒரு வால்வும், தனித்தனி வெளிக்குழாயும் இருந்தால் மட்டுமே ஒரு பம்பை மூவருக்குப் பங்கிட முடியும். ரியாக்டர் விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஸ்டிக்கரில் இருந்த ‘2,000 லிட்டர்’ என்ற எண்ணும் வெறுங்காற்றே. உருளையின் மொத்த உயரம் 55 செ.மீ. என்பதும், வெளிக் குறுக்களவு 11 செ.மீ. என்பதும் உண்மைதான். ஆனால் அடிப்பாகம், மூடி, இரண்டு சல்லடைத் தட்டுகள், பஞ்சு ஆகியவற்றைக் கழித்தால் மீடியாவுக்கு மிஞ்சுவது 10 செ.மீ. உட்குறுக்களவும் 26 செ.மீ. உயரமும், அதாவது ஏறக்குறைய 2 லிட்டர். பெல்லட் புரள்வதற்குப் பாதி இடத்தைக் காலியாக விட வேண்டும் என்பதால் போடக்கூடியது 1 லிட்டர்தான். அவர்களே விற்ற பெல்லட்டின் பொட்டலத்தில் 400 லிட்டர் நீருக்கு 1 லிட்டர் பெல்லட் என்று அச்சிட்டிருந்தது. என் நீருக்கு 3 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆக, பெல்லட்டைப் பொறுத்தவரை அந்த ரியாக்டர் தாங்குவது 2,000 லிட்டர் அன்று, 400 லிட்டர்.

பொருத்த வந்த பணியாளர், ஜிஎஃப்ஓ உருளையை மேல்தட்டு வரை நிரப்பினார். முதல் முறை பாதி அளவே போதும் என்று நான் சொன்னதற்கு, நிறையப் போட்டால் நிறைய நாள் வரும் என்பது முதலாளியின் உத்தரவு என்றார். மீடியா வந்ததும் பெயரோ தயாரிப்பு நாளோ இல்லாத, மீண்டும் ஒட்டப்பட்ட வெறும் பையில்தான். ஜெர்மானியச் சரக்கு என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. தூள் போகும்வரை ஆர்ஓ நீரில் கழுவி, முதல் நீரை வாளியில் விட்டுக் கொட்டுவது இதில் அரிச்சுவடி. அதுகூட நடக்கவில்லை. பம்பை இயக்கியதும் சம்ப் செம்பழுப்பாகி, சிறிது நேரத்தில் தொட்டியின் எதிர்ப்பக்கம் தெரியாமல் போயிற்று. தானாகத் தெளிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

தெளிந்தது உண்மைதான். ஆனால் ஹானா கைக்கருவியில் 0.31 காட்டிய பாஸ்பேட் மறுநாள் மாலை 0.05க்கு இறங்கியிருந்தது. பாஸ்பேட் குறைவது நல்லதுதானே என்று புதியவர்கள் நினைக்கக்கூடும். உயர்ந்த அளவுக்குப் பழகிய பவளத்துக்கு அளவைவிட வீழ்ச்சியின் வேகமே ஆபத்து. காரத்தன்மை, டிகேஎச் என்ற அலகில், 9க்கு அருகில் இருக்கும் தொட்டியில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். அக்ரோபோராக்களின் நுனி முதலில் வெளிறியது, பிறகு அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. மொண்டிபோராப் பவளங்களில் ஒரு பகுதி போயிற்று. தோல் பவளங்களும் காளான் பவளங்களும் சுருங்கிக் கிடந்து மீண்டன.

முறையிட்டதும் அதே பணியாளர் வந்து ஓட்டத்தைக் குறைத்துவிட்டுப் போனார். ஜிஎஃப்ஓ அரைபடுவது நின்றது. எதிர்பார்த்தபடியே பெல்லட் அசைவற்றுக் கட்டியாயிற்று. பிறகு அந்த உருளையைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஆக்சிஜன் எட்டாத பெல்லட் குவியலில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் அது, அளவு கூடினால் மீன்களைக் கொல்லக்கூடியது. இத்தகைய உருளையைத் தொட்டியோடு இணைத்தபடியே மறுபடி வேகமாக ஓட விடவே கூடாது. கழற்றி எடுத்துப்போய் வெளியேதான் கொட்ட வேண்டும்.

கரி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பம்ப் முழு வேகத்தில் ஓடிய காலத்தில் கரியும் அரைபட்டுக் கறுப்புத் தூளாக வந்தது. அமெரிக்காவின் டோலிடோ விலங்குக் காட்சிச்சாலையில் பணியாற்றிய ஜே ஹெம்டால் பங்கேற்று 2011இல் வெளியிட்ட ஆய்வு, லிக்னைட் கரி பயன்படுத்திய தொட்டிகளில் இருந்த சர்ஜன் மீன்களுக்குத் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரிப்பு ஏற்பட்டதைக் காட்டியது. சர்ஜன் இனத்தைச் சேர்ந்த என் டாங் மீன்கள் தப்பின. என்றாலும் டாங் வளர்ப்பவர்கள் கரி ரியாக்டரில் உள்ளே அசைவு தெரிகிறதா என்று கவனிப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு ஒழுகலும் வந்தது. ரியாக்டர்களைச் சம்பிற்கு வெளியே தரையில் நிறுத்தியிருந்தார்கள். தூளால் பஞ்சு அடைத்துக்கொள்ள, உள்ளழுத்தம் கூடி, அடிப்பாகத்தின் ஒட்டுமூட்டில் கீறல் விட்டு, ஓர் இரவு முழுவதும் உப்புநீர் தரையில் வடிந்தது. தரையையும் மரத்தாங்கியையும்விடப் பெரிய சேதம் வேறு: சம்பில் மட்டம் குறையக் குறைய, ஆவியாகும் நீரை ஈடுசெய்ய வைத்திருந்த தானியங்கி, நன்னீரை ஊற்றிக்கொண்டே இருந்ததால், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35இலிருந்து 31க்கு இறங்கிவிட்டது. ரியாக்டர் சம்பிற்குள்ளேயோ, ஒழுகினால் சம்பிலேயே விழும்படி அதன் விளிம்பின் மேலேயோ இருந்திருந்தால் இது நேர்ந்திராது. டைட்டானியம் என்று சொல்லப்பட்ட திருகாணிகளும் துருப்பிடித்திருந்தன. டைட்டானியம் கடல்நீரில் துருப்பிடிக்காது என்பதால் அந்தப் பொய்க்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

கடைக்காரரின் விளக்கங்கள் வாரத்துக்கு ஒன்றாக மாறின. பவளங்களுக்கு ஏற்கெனவே நோய் இருந்தது என்றார். பிறகு உத்தரவாதத்தில் ஒட்டுமூட்டு அடங்காது என்றார். கடைசியில் நான் ஓட்டத்தை மாற்றியதால் உத்தரவாதமே செல்லாது என்றார், மாற்றியது அவருடைய பணியாளர் என்பதை வசதியாக மறந்துவிட்டு. ரசீதில் ‘மீன்தொட்டிச் சாதனம் 3’ என்பதைத் தவிர எதுவும் இல்லை. எனக்குக் கைகொடுத்தவை அந்த வாட்ஸ்அப் செய்திகளே: என் தொட்டியின் அளவைத் தெரிந்துகொண்ட பிறகு, இது ஏற்றது என்று அவர் எழுத்தில் கொடுத்த வாக்கு அவற்றில் இருந்தது.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்பனையாளர் மாறாக நிறுவாதவரை, ஒப்படைக்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ கேட்கலாம். அவை நியாயமான காலத்தில் நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். பயனீட்டாளர் சங்கத்தின் வழியாக அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வராததால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனுச் செய்தேன். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம்; 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளி; வழக்கறிஞர் வாதாட முடியாது. பெல்லட் பொட்டலத்தின் படம், உருளையின் உள்ளளவுக் கணக்கு, துருப்பிடித்த திருகாணி, செய்திகளின் அச்சுப் படி ஆகியவற்றோடு போனேன். விசாரணைக்குப் போகுமுன், சமரசக் கட்டத்திலேயே சாதனங்களின் விலையைத் திருப்பித் தர அவர் ஒப்புக்கொண்டார். பவளங்களுக்கு ஒரு வெள்ளியும் வரவில்லை. வராது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

இப்போது வாங்கியிருப்பவை வேறு. கரிக்கும் ஜிஎஃப்ஓவுக்கும் சிறிய உருளைகள், தனித்தனி வால்வுடன் ஒரு கிளைக்குழாயில். இரண்டும் சம்பிற்குள் நிற்கின்றன. பெல்லட்டை விட்டுவிட்டேன். வாங்கும் முன் கடையில் கேட்டவை இவைதாம்: தட்டுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள உண்மையான கொள்ளளவு என்ன, எந்த மீடியாவை எவ்வளவு போட்டு எந்த ஓட்டத்தில் ஓட்டிக் காட்டுவீர்கள், மூடியை அடைக்கும் ஓ-ரிங் வளையம் தனியாகக் கிடைக்குமா, ஒட்டுமூட்டுக்கு உத்தரவாதம் உண்டா. பதிலை எழுத்தில் தரத் தயங்கிய இடங்களில் நான் மேற்கொண்டு பேசவில்லை. ஓட்டத்தையும் பம்புப் பெட்டியில் உள்ள எண்ணைக் கொண்டு நம்ப வேண்டாம். அது எதிர்ப்பே இல்லாதபோது கிடைக்கும் அளவு. மணிக்கு 3,000 லிட்டர் என்று எழுதியிருந்த அந்தச் செட்டின் பம்ப், முழுத் திறப்பில் 10 லிட்டர் வாளியை நிரப்ப 45 வினாடி எடுத்துக்கொண்டது, அதாவது மணிக்கு 800 லிட்டர். ஜிஎஃப்ஓவைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவோடு தொடங்கி, தினமும் பாஸ்பேட்டை அளந்து, வீழ்ச்சி வேகமாகத் தெரிந்தால் அன்றே பம்பை நிறுத்திவிடுகிறேன்.

அந்தச் செட்டை நீங்கள் இப்படி அடையாளம் காணலாம்: ஒரே கறுப்பு அடித்தளத்தில் மூன்று ஒத்த உருளைகள், அவற்றை இணைக்கும் வளைகுழாய்களில் கிளை எதுவும் இல்லை, உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய், ஸ்டிக்கரில் தயாரிப்பாளர் பெயரோ மாதிரி எண்ணோ இல்லாமல் லிட்டர் கணக்கு மட்டும். அண்மையில் இணையக் கடை ஒன்றில் இதே அமைப்பைப் பார்த்தேன். ஸ்டிக்கரில் இப்போது 2,500 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள்.