கொழிஞ்சியா, தக்கைப்பூண்டா? முடிச்சுக்கு மூச்சு கிடைக்கும் மண் எது?

தரிசாகக் கிடந்த நிலத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏற்ற எதை விதைக்கலாம் என்று பார்த்தபோது கடைசியில் நின்றவை இரண்டு: கொழிஞ்சி, தக்கைப்பூண்டு. இரண்டுமே யாரும் கேட்காமல் தானாக முளைக்கிற காட்டுச் செடிகள். இரண்டும் பயறு வகைக் குடும்பம், இரண்டின் வேரிலும் முடிச்சு உண்டு; காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா அதற்குள்தான் வாழ்கிறது. என் நிலம் சரளை கலந்த செம்மண், மானாவாரி. கொழிஞ்சியைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

எடையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஈரம் இருந்தால் தக்கைப்பூண்டு 45, 50 நாளில் மண்ணுக்குள் மடக்கி உழும் பருவத்துக்கு வந்துவிடும்; ஹெக்டேருக்கு 20 டன் பசுந்தாள்கூடக் கிடைக்கும். கொழிஞ்சி முதல் சில வாரங்கள் மேலே எதையும் காட்டாது. பார்ப்பவர்கள் விதை பழுதோ என்றுகூட நினைப்பார்கள். வளர்ந்த பிறகும் அந்த எடையைத் தொடாது. இதைச் சொல்லியே பலரும் ஒப்பீட்டை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

முடிவைத் தீர்மானிப்பது, என்னைக் கேட்டால், முடிச்சுக்குள் போகும் காற்று. காற்றில் இருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரஜனேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டாலே கெட்டுவிடும். அதே நேரம் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க குறைந்தது 16 ஏடிபி (உயிரணுவின் சக்தி மூலக்கூறு) செலவாகிறது. அந்தச் சக்தியை உண்டாக்க பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். இந்த இக்கட்டைச் சமாளிப்பது லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுதான். ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையோ பழுப்போ என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. செடியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் கட்டியோடு தோண்டி, தண்ணீரில் ஊறவிட்டு மண்ணைக் கரைத்தால்தான் முழு வேரும் தெரியும்.

மண் காய்ந்தால் முடிச்சின் வெளித்தோல் இறுகி, உள்ளே போகும் காற்று குறைகிறது. பல பயறு வகைகளில் இலை வாடுவதற்கு முன்பே தழைச்சத்து நிலைநிறுத்தம் சரியத் தொடங்கிவிடும். செடி பச்சையாகத்தான் நிற்கும், உள்ளே வேலை நின்றிருக்கும். மண்ணில் தண்ணீர் தேங்கினாலும் இதே மூச்சுத் திணறல்தான், ஏனென்றால் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் எந்தச் செடி அதிகம் தரும் என்பதைவிட, உங்கள் மண் எந்தப் பக்கம் போய் முட்டும், காய்ச்சலா தேக்கமா என்பதே முதல் கேள்வி.

காய்ச்சல் என்றால் கொழிஞ்சி. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். மழை நின்ற பிறகு நான் தோண்டிப் பார்த்த செடிகளில் மேல்மண்ணில் இருந்த முடிச்சுகள் சுருங்கிப் போயிருந்தன. ஆழத்தில் ஈரம் தட்டிய இடத்தில் இருந்தவை கீறினால் இன்னும் சிவப்பு. மேலே பார்த்து எடைபோட முடியாத செடி இது. சீமைக்கருவேலத்தின் இனமான மெஸ்கைட் மரங்களுக்கு அடியில், அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில், பல மீட்டர் ஆழத்தில்கூட ரைசோபியம் என்ற முடிச்சு பாக்டீரியாவைக் கண்டிருக்கிறார்கள். கொழிஞ்சி அவ்வளவு தூரம் போகாது. ஆனால் உத்தி அதேதான். இன்னொன்று, தட்டைப்பயறு வேரில் சேரும் பாக்டீரியா கூட்டத்தோடு கொழிஞ்சி ஒத்துப்போகும். தக்கைப்பூண்டு அப்படியில்லை, தனக்கேற்ற ரைசோபியத்தைத்தான் தேடும். அது இதுவரை வளராத மண் என்றால் விதையில் ரைசோபியம் கலந்து போடுவது நல்லது.

தேக்கம் என்றால் தயங்காமல் தக்கைப்பூண்டு. தண்ணீருக்குள் நிற்கும் அடித்தண்டு வெள்ளையாக, பஞ்சுபோலப் பருத்துவிடும். அதிலுள்ள இடைவெளிகள் வழியாக மேலிருந்து காற்று வேருக்கு இறங்குகிறது. அதன் இனமான மணிலா அகத்தி இன்னும் ஒரு படி மேல்: முடிச்சு தண்டிலேயே, வரிசை வரிசையாக, பச்சையாக இருக்கும். மண்ணை நம்பவே வேண்டாம்.

களர், உவர் நிலமும் தக்கைப்பூண்டின் இடம்தான் என்பது பொதுக் கருத்து. அப்படிப்பட்ட மண்ணில் நான் கொழிஞ்சியைப் போட்டதில்லை, எனவே ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அமில மண்ணில் இரண்டுக்குமே சிரமம்: நைட்ரஜனேஸுக்குத் தேவையான மாலிப்டினம் கிடைப்பது குறையும், அலுமினியம் வேரைத் தாக்கும். அங்கே செடியை மாற்றுவதைவிடச் சுண்ணாம்பு இடுவதுதான் பலன் தரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலும் முடிச்சு சரியாக வராது. யூரியா போட்ட மண்ணிலோ, இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு உழைப்பது என்று செடி முடிச்சே போடாமல் இருந்துவிடும்.

அப்புறம், பயறு வகைக் குடும்பம் என்பதாலேயே ஆவாரையையும் தகரையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். அவற்றின் வேரில் முடிச்சே கிடையாது. தழையை வெட்டிப் போடலாம், அதில் இருப்பது மண்ணிலிருந்து எடுத்த சத்துதான்.

கொழிஞ்சியில் எனக்கு இருக்கும் ஒரே இழுபறி மடக்கும் நேரம். பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி இலையிலும் தண்டிலும்தான் இருக்கிறது, ஆகவே பூக்கும்போதே உழுதுவிட வேண்டும்; விட்டால் தண்டு கட்டையாகி மட்க நாளாகும். ஆனால் காய்த்து விதை கொட்டினால்தான் அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும். விதைத்தோல் கெட்டி என்பதால் ஒரு பங்கு இந்த வருடம், மீதி அதற்கடுத்து என்று வந்துகொண்டே இருக்கும். வாங்கி விதைப்பதென்றால் மணலோடு தேய்த்துத்தான் போட வேண்டும். இப்போதைக்கு வரப்பை ஒட்டிய ஒரு பட்டையை மட்டும் விதைக்கு விட்டுவிட்டு, மற்றதைப் பூவில் மடக்குகிறேன்.