உலகச் சுற்றுச்சூழல் அரசியல் முதுகலை: படித்து முடித்துச் சில ஆண்டுகளுக்குப் பிறகு

ஸ்காட்லாந்தில் 2021 செப்டம்பரில் தொடங்கிய ஓராண்டு முதுகலைப் படிப்பில், உலக அளவிலான சுற்றுச்சூழல் அரசியலையும் அது சமூகத்தோடு கொள்ளும் உறவையும் பாடமாகப் படித்தேன். இப்போது எண்ணூர் முதல் பழவேற்காடு வரையுள்ள மீனவக் கிராமங்களில், தொழில் திட்டங்களின் அனுமதி ஆவணங்களைப் படித்து மக்களுக்கு விளக்கும் வேலையில் இருக்கிறேன். பட்டம் வாங்கிய கையோடு எழுதியிருந்தால் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். அதை வேலையில் உரசிப் பார்த்த பிறகு எழுதுவதால், எது நின்றது, எது போதவில்லை என்று சொல்ல முடிகிறது. இதற்காகக் கடன் வாங்க எண்ணுபவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டதும் பலரும் இதைப் பருவநிலை அறிவியல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வளிமண்டலத்தில் கரியமில வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை இங்கே கணக்கிடக் கற்றுத்தருவதில்லை. அது பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தும் ஏன் குறையவில்லை, குறைப்பதா வேண்டாமா என்பதை எந்த அறையில் யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பவையே பாடம். அரசியல் அறிவியல், புவியியல், சமூகவியல், சட்டம் ஆகிய நான்கும் கலந்த துறை இது. பொறியியல் முடித்தவர்களும் சட்டம் படித்தவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

படிப்பின் கட்டமைப்பு எளியது. மொத்தம் 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு). அதில் 120 இரண்டு பருவங்களின் வகுப்புகளுக்கும், 60 கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்கும். வாரத்தில் வகுப்பு நேரம் குறைவு, வாசிப்பு மிக அதிகம். மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் பழகிய நமக்கு முதல் மாதம் ஓய்வாகவே தோன்றும். எழுதிய கட்டுரை 'நன்றாக விவரித்திருக்கிறீர்கள், உங்கள் வாதம் எது?' என்ற குறிப்போடு திரும்பி வரும்போதுதான் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது பிடிபடும்.

என்னை அதிகம் மாற்றியது பொதுவளங்களைப் பற்றிய பாடம். 1968இல் கேரட் ஹார்டின் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையை முதலில் படித்தோம். மேய்ச்சல் நிலம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை மேயவிட்டு, கடைசியில் நிலத்தையே அழித்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். அடுத்த வாரம் எலினார் ஆஸ்ட்ரம். மக்கள் தாங்களே விதி வகுத்து, கண்காணித்து, தண்டனை வைத்து, நீரையும் காட்டையும் மீன்வளத்தையும் தலைமுறைகளாகக் காத்துவந்திருப்பதை உலகெங்கிலுமிருந்து எடுத்துக்காட்டியவர். 2009இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண். அந்த விவாத வகுப்பில் பழவேற்காடு ஏரியின் பாடு முறையைப் பற்றிச் சொன்னேன். ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டுவது என்பதைக் கிராமத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவர் கையிலேயே நிலைத்துவிடாமல் சுற்றிவரும். ஆஸ்ட்ரம் வகுத்த நெறிகளில் பெரும்பாலானவை அதில் அப்படியே இருந்தன. எல்லோரும் வியந்து கேட்டுக்கொண்டிருக்கையில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'அந்தக் கூட்டத்தில் யாருக்கு இடமில்லை?'

பாடு உரிமை பரம்பரையாகப் பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு உரியது. அதே நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கோ, பெண்களுக்கோ அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. நன்றாக இயங்கும் ஒரு பொதுவள ஏற்பாடு, யாரை உள்ளே வைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு கேள்வி எனக்குக் கற்றுத்தந்தது. பாடு முறையை இன்றும் மதிக்கிறேன்; துறைமுகங்களும் அனல்மின் நிலையச் சாம்பலும் நெருக்கும் ஒரு நீர்ப்பரப்பில் மீனவர்கள் கையில் எஞ்சியிருக்கும் சுயாட்சி அது. ஆனால் எந்தக் கிராமக் கூட்டத்துக்குப் போனாலும் வராதவர் யார் என்று முதலில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அந்த வகுப்பிலிருந்து வந்தது. அதுவே இந்தப் படிப்பு எனக்குத் தந்தவற்றில் மிகப் பெரியது.

களப் பயணமாக எய்க் தீவுக்கு அழைத்துப் போனார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மாலேக் துறையிலிருந்து படகு. நூறு பேர் அளவில் வாழும் சிறு தீவு. தனியார் முதலாளிகள் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்த அந்த நிலத்தை, தீவு மக்கள் தங்கள் அறக்கட்டளையின் வழியாக 1997 ஜூனில் விலைக்கு வாங்கினார்கள். சமூகங்கள் நிலத்தை வாங்கும் உரிமையை ஸ்காட்லாந்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் உறுதிசெய்தது அதற்கும் பிறகு, 2003இல்தான். 2008 முதல் தீவுக்கென்று தனி மின்கட்டமைப்பு இயங்குகிறது. நீர், காற்று, சூரிய ஒளி மூன்றும் அதற்கு மின்சாரம் தருகின்றன. அங்கே ஒரு விதி: ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, கடை, தொழில் என்றால் 10. எங்களுக்குத் தேநீர் தந்த வீட்டுக்காரர், கெட்டிலைப் போடும் முன் சமையலறைச் சுவரில் இருந்த சிறிய மீட்டரை ஒரு பார்வை பார்த்தார். துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அது முடியும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தண்ணீரைச் சூடாக்கினார். இதை அவர் ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் ஒரே வரம்பு என்பதால் யாருக்கும் குறையில்லை என்றார். ஆற்றல் மாற்றம் என்றால் காற்றாலை நடுவது என்று எண்ணி வந்தவர்களுக்கு, நிலத்தின் உரிமை முதலில் வந்து மின்சாரம் அதற்குப் பின் வந்த அந்த வரிசைதான் பாடம்.

நான் படித்த ஆண்டின் நவம்பரில் ஐ.நா.வின் 26ஆம் பருவநிலை மாநாடு கிளாஸ்கோவில் நடந்தது எதிர்பாராத பேறு. 6ஆம் தேதி மழையில் கெல்விங்க்ரோவ் பூங்காவிலிருந்து கிளாஸ்கோ கிரீன் வரை சென்ற பேரணியில் எங்கள் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் நடந்தோம். ஆனால் பேரணியைவிட எனக்கு உதவியது, பேச்சுவார்த்தை வரைவுகளை நாள்தோறும் வகுப்பில் வைத்துப் படித்த பயிற்சி. உடன்பாடு எட்டப்படாத சொற்களும் எண்களும் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒரு பத்தியில் அடைப்புக்குறி குறைந்தால் யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பத்தியே காணாமல் போனால் யாரோ தோற்றிருக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தால் நேரும் இழப்பையும் சேதத்தையும் ஈடுசெய்ய வளரும் நாடுகள் கேட்ட நிதி அமைப்பு இறுதித் தீர்மானத்தில் வெறும் பேச்சுவார்த்தையாகச் சுருங்கியதை அப்படித்தான் பார்த்தோம். அதே வாரங்களில் ஸ்காட்லாந்து அரசு இழப்புக்கும் சேதத்துக்கும் என்றே இருபது லட்சம் பவுண்டு ஒதுக்கியது. தொகை சிறிது, ஆனால் பணக்கார நாடுகளின் வரிசையில் முதலில் கை நீட்டிய அரசு அதுவே. 1991இலேயே வனுவாட்டு சிறு தீவு நாடுகளின் சார்பில் முன்வைத்த கோரிக்கைக்கு, 2022இல் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில்தான் நிதியம் என்ற வடிவம் கிடைத்தது.

இந்த இடத்தில் படித்த ஒரு சிறு வெளியீட்டையும் சொல்ல வேண்டும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் எழுதியது. நெல் வயலிலிருந்தும் கால்நடையிலிருந்தும் எழும் மீத்தேனையும், செல்வந்த நாடுகளின் கார்ப் புகையையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது அநீதி என்று வாதிட்டது அது. பிழைப்புக்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு. நம் நாட்டில் எழுதப்பட்ட இதை இந்தியாவில் இளங்கலை படித்தபோது யாரும் எனக்குக் காட்டவில்லை என்பது இன்றும் வருத்தம் தருகிறது.

ஆய்வேட்டுக்கு ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியிலிருந்த லாங்கனெட் அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொண்டேன். ஸ்காட்லாந்தின் கடைசி நிலக்கரி மின்நிலையமான அது 2016 மார்ச்சில் மூடப்பட்டது. நான் அங்கிருந்த டிசம்பரில் அதன் புகைபோக்கியையும் தகர்த்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுடன் பேசியபோது, நிலக்கரி போக வேண்டும் என்பதை அவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை. எப்போது, என்ன ஏற்பாட்டோடு என்பதைத் தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே அவர்கள் குறை. நியாயமான மாற்றம் என்று அறிக்கைகளில் எழுதப்படுவதன் பொருளை அவர்களிடம்தான் கற்றேன். நெய்வேலிக்கு இதை வைத்துப் பார்த்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. அங்கே நிரந்தரத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், நிலம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீது சுரங்கத்தின் வாய்க்கால் பணிக்காக இயந்திரங்கள் இறங்கியதைக் கண்டவர்களுக்கு, மாற்றத்தின் நியாயம் என்பது சுரங்கத்தை மூடும் நாளில் மட்டும் தொடங்குவதில்லை என்பது புரியும்.

சட்டம் போட்டால் போதும் என்ற நம்பிக்கையையும் இந்த ஆண்டுகள் திருத்தின. 2030க்குள் உமிழ்வை 75 விழுக்காடு குறைப்போம் என்று 2019இல் சட்டத்திலேயே எழுதிய ஸ்காட்லாந்து, 2024இல் அந்த இலக்கைக் கைவிட்டது. வகுப்பில் முன்மாதிரியாகப் படித்த சட்டம் அது.

இனி, போதாதவை. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் ஒரு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என் மேசைக்கு வரும்போது, அதில் அதிகாரத்தின் மொழியை அடையாளம் காண எனக்குத் தெரிகிறது. காற்றின் தரத்தை அளந்த இடங்கள் சரியானவையா, கரையோரத்தில் எங்கே எதற்கு அனுமதி உண்டு என்பதற்கு அடிப்படையான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் உப்பங்கழி எங்கே விடுபட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் படிப்பு உதவவில்லை. வரைபட மென்பொருளையும் செயற்கைக்கோள் படங்களைப் படிப்பதையும் அடிப்படைப் புள்ளியியலையும் ஊர் திரும்பிய பிறகு கற்றுக்கொண்டேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006ஆம் ஆண்டு அரசு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த நாட்களுக்குள், தமிழில் கிடைக்கும் சுருக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இருக்கும் முழு அறிக்கைக்கும் இடையிலுள்ள தூரத்தை யாராவது கடந்து காட்ட வேண்டியிருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாட்களில் கோட்பாடு துணை நிற்கும், ஆனால் மக்கள் கேட்பது கருவிகளை.

செலவைப் பொறுத்தவரை, வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் உள்ளூர் மாணவர்கள் கட்டுவதைவிட மிக அதிகம். படித்த பிறகு பிரிட்டனில் தங்கி வேலை தேட அனுமதிக்கும் விசாவின் காலம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. ஆய்வு வழியாக அல்லாமல் வகுப்புகள் வழியாகப் படிக்கும் முதுகலைக்கு வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவருவதும் 2024 முதல் நின்றுவிட்டது. இந்தத் துறையில் அங்குள்ள வேலைகள் குறைவு, போட்டி கடுமை. எனவே முழுக் கடனில், அங்கேயே வேலை கிடைக்கும் என்ற கணக்கில் போக வேண்டாம் என்றே என்னைக் கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன். பிரிட்டன் அரசு வழங்கும் செவனிங், காமன்வெல்த் போன்ற உதவித்தொகைகள் கிடைத்தால் தயங்காமல் போகலாம். செவனிங் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பது நல்லதற்கே; களத்தில் சிறிது காலம் இருந்துவிட்டுப் போனவர்களுக்கே இந்தப் படிப்பு முழுப் பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் விருப்பப் பாடங்களின் பட்டியலை வாங்கி, வரைபடத் தொழில்நுட்பமும் எண்களைக் கொண்டு ஆராயும் முறையும் வேறு துறையிலிருந்தாவது எடுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வேட்டுக்கான களப்பணியை ஊரில் வந்து செய்ய அனுமதியும் பயண உதவியும் உண்டா என்பதைச் சேர்க்கைப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மக்களிடம் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பல வாரங்கள் ஆகும் என்பதால், தலைப்பை ஜனவரிக்குள் உறுதிசெய்துவிடுவது நல்லது.