‘கீழே விழுந்தது’ என்று எழுதினால் போதுமா? குழந்தைக் காயங்களை எண்ணும் நான்கு வழிகள்

‘11 மாத ஆண் குழந்தை. கீழே விழுந்து தலையில் அடி.’ கேஷுவாலிட்டி பதிவேட்டில் இப்படி ஒரு வரி. தையல் போடுபவருக்கு இது போதும். இதே மாதிரி இன்னொரு குழந்தை விழாமல் தடுக்க வேண்டியவருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. தூளி அறுந்து விழுந்ததா, கட்டிலிலிருந்து உருண்டதா, வாக்கரோடு படியில் சரிந்ததா? முதலாவதற்குக் கொக்கியையும் கயிற்றையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குப் படுக்கையின் உயரத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவதற்குச் சட்டமே தேவைப்படலாம்.

குழந்தைகளின் காயங்களைத் தேசிய அளவில் கணக்கெடுக்க நாடுகள் பிடித்த வழிகள் பல. கனடா, அமெரிக்கா, வங்கதேசம், இந்தியா ஆகிய நான்கை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஒவ்வொன்றின் கண்ணுக்கும் சில ஆபத்துகள் பளிச்சென்று தெரியும், சில தெரியவே தெரியாது. தெரிந்த ஆபத்துக்குத்தான் பணமும் சட்டமும் வருகின்றன.

கனடா: நடந்ததைக் கேட்டு எழுதுவது

1990-ல் 10 குழந்தைகள் மருத்துவமனைகளோடு தொடங்கியது ‘சர்ப்’ (CHIRPP) என்று சுருக்கமாக அழைக்கப்படும் கனடிய மருத்துவமனைகளின் காயப் பதிவு, தடுப்புத் திட்டம். பிறகு பொது மருத்துவமனைகளும் சேர்ந்தன. 2011 முதல் பதிவு இணையவழியில் நடக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும் நேரத்தில் பெற்றோரே படிவத்தின் ஒரு பகுதியை நிரப்புவார்கள். மருத்துவப் பகுதியை ஊழியர்கள் நிரப்புவார்கள். கேள்விகள் எளிமையானவை. குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது? எங்கே பிசகியது? எது பட்டுக் காயமானது? எந்த இடம்? ஹெல்மெட், பெல்ட் ஏதாவது இருந்ததா?

இதன் பலம் அந்த இரண்டு மூன்று வரி விவரிப்புதான். பட்டியலில் இல்லாத ஒரு புதுப் பொருள் சந்தைக்கு வந்தாலும் பெற்றோர் அதன் பெயரை எழுதிவிடுவார்கள். பிற்பாடு அந்தச் சொல்லைத் தேடி எடுத்தால் போதும்.

பலவீனமும் பெரிதுதான். இது மக்கள்தொகையின் கணக்கு ஆகாது. பங்கேற்கும் மருத்துவமனைகள் பெரும்பாலும் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைகள். கிராமப்புறத்தவர், பூர்வகுடிகள், பொது மருத்துவமனைக்குப் போகும் பெரிய பிள்ளைகள் ஆகியோர் குறைவாகவே பதிவாகிறார்கள். வரும் வழியிலேயே இறந்த குழந்தை இந்தக் கணக்கில் இல்லை. அதனால் ‘லட்சம் குழந்தைகளில் எத்தனை பேர்’ என்று சொல்ல முடியாமல், ‘பதிவுகளில் எத்தனை பங்கு’ என்றுதான் சொல்கிறார்கள். பங்கில் ஒரு பொறி உண்டு. பள்ளியும் மைதானமும் மூடிக் கிடந்த 2020 போன்ற ஆண்டில் விளையாட்டுக் காயங்கள் குறைந்தால், வீட்டுக் காயங்கள் ஒன்றுகூடக் கூடாமலே அவற்றின் பங்கு ஏறிவிடும். அதைப் பார்த்துப் பதறி அறிக்கை விடுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

அமெரிக்கா: சிறு மாதிரியிலிருந்து நாட்டுக்கணக்கு

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1970-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவருவது ‘நீஸ்’ (NEISS) என்ற காயக் கண்காணிப்பு முறை. ஆறு படுக்கையாவது உள்ள, 24 மணி நேர அவசரப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனைகளை அளவு வாரியாகப் பிரித்து, குழந்தைகள் மருத்துவமனைகளைத் தனி அடுக்காக வைத்து, சுமார் 100-ஐ மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கென்றே உள்ள ஊழியர் அவசரப் பிரிவின் சீட்டுகளை எடுத்துப் படித்துக் குறியீடு போடுகிறார். 1842 என்றால் படிக்கட்டு, 572 என்றால் டி.வி., 4076 என்றால் கட்டில். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஓர் எடை உண்டு. எடை 80 என்று வைத்துக்கொண்டால், அங்கே வந்த ஒரு குழந்தை நாட்டில் 80 குழந்தைகளுக்குச் சமம்.

நாட்டு அளவில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இப்படித்தான் கிடைக்கிறது. விலையும் உண்டு. பதிவுகள் 20-க்குக் கீழே போனாலோ, மதிப்பீடு 1,200-க்குக் கீழே போனாலோ, மாறுபாட்டுக் கெழு (மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் அதன் பிழை எவ்வளவு என்ற அளவு) 33 சதவீதத்தைத் தாண்டினாலோ அந்த எண்ணை நம்பக்கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. அரிதான, ஆனால் உயிர் குடிக்கும் ஆபத்துகள் இந்த வலையில் நழுவிப்போகும். இன்னொன்று: பெற்றோர் நேரடியாக எழுதுவதில்லை. மருத்துவர் சீட்டில் எழுதாததை குறியீட்டாளர் கற்பனை செய்ய முடியாது.

ஒரே வாக்கர், இரண்டு முடிவுகள்

இரண்டையும் உரசிப் பார்க்க வாக்கரை எடுத்துக்கொள்வோம். நம்மூர் மூன்று சக்கர மர நடைவண்டி அல்ல. குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த வளையம். (தமிழில் படிவம் அடிப்பவர்கள் கவனிக்க: ‘நடைவண்டி’ என்று ஒரே பெட்டி வைத்தால் இரண்டும் கலந்துவிடும். நின்று தள்ளுவதும் உட்கார்ந்து ஓடுவதும் வேறு வேறு ஆபத்து.)

கனடாவில் 1989-லேயே விற்பனையாளர்கள் தாமாக முன்வந்து வாக்கரை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் பழைய பொருள் சந்தையிலும் வெளியிலிருந்தும் அது வந்துகொண்டே இருந்தது. படியில் உருண்ட குழந்தைகள் பதிவுகளில் தொடர்ந்தன. பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே நடந்திருந்தது என்பதும் தெரிந்தது. கவனமாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2004 ஏப்ரல் 7 அன்று விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றுக்கும் தடை வந்தது. பழைய வாக்கரை விற்பதும் குற்றம். உலகில் முதல் தடை அதுதான்.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 36 அங்குல வாசலை விட அகலமாக இருக்க வேண்டும், அல்லது படி விளிம்பில் சக்கரம் இறங்கினால் அடியில் உராய்ந்து நின்றுவிட வேண்டும் என்று 1997-ல் தன்னார்வத் தரம் வந்தது. 2010-ல் அது கட்டாயமானது. நீஸ் தரவை வைத்து 2018-ல் வெளியான ஆய்வின்படி, 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்குட்பட்ட 2,30,676 குழந்தைகள் வாக்கர் காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்தார்கள்; அவர்களில் 74.1 சதவீதம் படியில் விழுந்தவர்கள். ஆண்டுக் கணக்கு 1990-ல் 20,650 ஆக இருந்தது 2003-ல் 3,201 ஆனது.

தடுப்பு நடந்தபின் எவ்வளவு குறைந்தது என்று அளக்க அமெரிக்க முறை கச்சிதம். எதைத் தடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க கனடாவின் முறை மலிவு, வேகமும் கூட. இரண்டில் ஒன்றை மட்டும் தொடங்க முடியும் என்றால் கனடாவினுடையதைத்தான் சொல்வோம். நாட்டிலுள்ள மருத்துவமனைகளின் முழுப் பட்டியலே கையில் இல்லாத இடத்தில் குலுக்கல் மாதிரி எடுப்பது வெறும் சடங்காகிவிடும்.

வங்கதேசம்: மருத்துவமனைக்கு வராத குழந்தைகள்

மேலே சொன்ன இரண்டும் ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கின்றன: அடிபட்ட குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிவருவார்கள். குளத்திலிருந்து உயிரில்லாமல் எடுத்த ஒன்றரை வயதுக் குழந்தையை யார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள்?

2003-ல் வங்கதேசத்தில் 1,71,366 வீடுகளில், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி வீட்டுக்கு வீடு விசாரித்தார்கள். இறப்பு நடந்த வீட்டில் வாய்மொழியாகக் காரணம் கேட்டுப் பதிந்தார்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணமாக நீரில் மூழ்குவது வந்து நின்றது: ஆண்டுக்கு சுமார் 17,000 பேர். அதுவரை மருத்துவமனைப் பதிவுகளை நம்பியிருந்தவர்களுக்கு இந்த எண் புதிது.

கணக்கெடுப்பும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும் எண்ணிக்கையோடு நிற்காமல் நேரத்தையும் இடத்தையும் காட்டின. வீட்டை ஒட்டிய குளம், காலை 9 முதல் பகல் 1 மணி வரை. அம்மா அடுப்படியில், அப்பா வயலில், அக்கா பள்ளியில். அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் மூடினால் போதும் என்ற கணக்கில் பிறந்தது ‘ஆஞ்சல்’ என்ற ஊர்க் குழந்தைகள் காப்பகம். அந்தச் சொல்லுக்கு முந்தானை என்று பொருள். 1 முதல் 5 வயது வரை 20, 30 குழந்தைகள், உள்ளூர்ப் பெண்கள் இருவர், வாரம் ஆறு நாள். பெரிய பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் பயிற்சி: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், தண்ணீரில் குதிக்காமல் கம்பையோ துணியையோ நீட்டிப் பிறரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். 2012-ல் வெளியான மதிப்பீட்டில், ஆஞ்சலில் சேர்ந்தவர்களிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. நீச்சல் கற்றவர்களிடையே 90-க்கு மேல். 2022-ல் 16 மாவட்டங்களில் 8,000 மையங்களுக்கு அரசே ஒப்புதல் தந்தது.

வீட்டுக் கணக்கெடுப்பின் குறை நினைவாற்றல். சாவை யாரும் மறப்பதில்லை. கை ஒடிந்ததை மறந்துவிடுவார்கள். கானாவில் நடந்த ஓர் ஆய்வில், கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டபோது நூறு பேருக்கு ஆண்டுக்கு 27.6 காயம் என்று வந்த விகிதம், 12 மாதத்தைப் பற்றிக் கேட்டபோது 7.6 ஆகச் சுருங்கியது. எனவே ஒரே படிவத்தில் இரண்டு கால அளவு வேண்டும்: சாவுக்கு ஓராண்டுக்கு மேல், சிறு காயத்துக்கு ஒன்றிரண்டு மாதம். செலவும் அதிகம். வங்கதேசத்தில் அடுத்த பெரிய கணக்கெடுப்பு 2016-ல்தான் நடந்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் சந்தைக்கு வந்த எந்தப் பொருளையும் இந்த முறை கண்டிருக்காது.

இந்தியா: காவல் நிலையத்தின் வழியே

நம் நாட்டின் எண் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையிலிருந்து வருகிறது. 1967 முதல் வெளியாகிறது. இயற்கைக்கு மாறான சாவு என்றால் காவல் நிலையம் விசாரணை நடத்த வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 194. ‘போஸ்ட்மார்ட்டம் செய்வார்களே, கேஸாகிவிடுமே’ என்று பயந்து குடும்பம் சொல்லாமல் அடக்கம் செய்துவிட்டால், இந்தக் கணக்கில் அந்தக் குழந்தை சாகவே இல்லை. பிழைத்த குழந்தைகளோ இதில் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

வயதுப் பிரிவைப் பாருங்கள். 14-க்குக் கீழ் முழுவதும் ஒரே கட்டம். குளியலறை வாளியில் தலைகுப்புற விழுந்த 11 மாதக் குழந்தையும், ஏரியில் குளிக்கப் போன 13 வயதுப் பையனும் ‘நீரில் மூழ்கி, 14-க்குக் கீழ்’ என்று ஒன்றாகிவிடுகிறார்கள். வாளியைக் கவிழ்த்து வைக்கச் சொல்வதா, நீச்சல் கற்றுக்கொடுப்பதா? அந்த ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. 1-க்குக் கீழ், 1–4, 5–9, 10–14 என்று உடைத்தால் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

சாலை மட்டும் விதிவிலக்கு. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் உருவாக்கிய சாலை விபத்துத் தரவுத்தளம், 2021-ல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. அதில் விபத்து நடந்த இடமே வரைபடத்தில் குறிக்கப்படுகிறது.

இருப்பதை வைத்து எது முதலில்?

நம் நிலையில் முதல் பணம் வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். காணாமல் போகும் சாவுகளைக் காட்ட வேறு வழியில்லை. அடுத்து, சில மருத்துவமனைகளில் கனடா பாணி விவரிப்புப் பதிவு. அதற்குத் தேவையான வரிகள் ஐந்தே ஐந்து: மாதக் கணக்கில் வயது, நேரம், இடம், காயத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது, எந்தப் பொருள் எந்த நிலையில் இருந்தது. கடைசி வரிதான் உயிர். ‘சாம்பார் கொட்டியது’ போதாது. பாத்திரம் தரையில் இருந்ததா, மேடை விளிம்பில் இருந்ததா? ‘மண்ணெண்ணெய் குடித்தது’ போதாது. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்களா?

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவையே. இரவுப் பணியில் படிவம் நின்றுவிடும். எனவே வாரம் ஒருமுறை ஓ.பி. சீட்டு எண்ணிக்கையோடு நேரம் வாரியாக ஒப்பிட வேண்டும். கணினியில் பட்டியல் வைத்தால் முதல் பெயர் அநியாயத்துக்கு அதிகமாகத் தேர்வாகும். பத்தில் ஒன்றுக்கு மேல் ‘மற்றவை’ என்று வந்தால் பட்டியலைத்தான் மாற்ற வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர்., ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். அது நீதிமன்றத்துக்குப் போகிற ஆவணம். நாளை சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியவர் ‘விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்பதற்கு மேல் ஒரு சொல்கூட எழுத மாட்டார். அது அவர் தவறும் அல்ல. ஆகவே இந்த ஐந்து வரிக்கும் பெயர், முகவரி இல்லாத தனித்தாள் வேண்டும். மருத்துவர் அல்லாமல் முதலில் பார்க்கும் நர்ஸ் எழுத வேண்டும். இது காவல் நிலையத்துக்குப் போகாது என்று அதன் தலைப்பிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.