பழைய அபார்த் புன்டோ: எஞ்சினை நம்பி வாங்கலாமா?

அப்பா கன்னியாகுமரி பக்கம் சின்னமுட்டத்தில் முப்பது வருடம் விசைப்படகு டிரைவர். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் இறங்கித் தள்ள முடியாது. அதனால் எங்கள் வீட்டில் எந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தாலும், கலர், சீட் எல்லாம் அப்புறம்தான். 2016 மாடல் அபார்த் புன்டோ (ஃபியட் புன்டோவின் வேகமான மாடல்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எஞ்சின் போச்சுன்னா சாமான் எங்க கிடைக்கும் மக்கா?"

சரியான கேள்வி. ஃபியட் 2015 அக்டோபரில் 9.95 லட்சம் ரூபாய்க்கு இந்த வண்டியை இறக்கியது. 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல், 145 பிஎச்பி, 212 நியூட்டன் மீட்டர் டார்க், நாலு வீலிலும் டிஸ்க் பிரேக். பத்து லட்சத்துக்குள் அப்போது இந்த சக்தி வேறு எந்த ஹேட்ச்பேக்கிலும் இல்லை. பிறகு ஃபியட் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது. சாதாரண புன்டோ டீசல் என்றால் கவலை கிடையாது. அதே 1.3 எஞ்சின்தான் ஸ்விஃப்டிலும் இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது, மார்த்தாண்டத்திலேயே சாமான் வாங்கிவிடலாம். டி-ஜெட் அப்படி இல்லை. ஃபியட்டின் லீனியா டி-ஜெட், அபார்த் மாதிரி சில வண்டிகள் வைத்திருப்பவர்கள்தான் அந்த சாமானைத் தேடுகிறார்கள். எஞ்சின் திறக்க வேண்டி வந்தால் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்.

நான் பார்த்த வண்டி திருவனந்தபுரத்தில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் இருந்தது. 61,000 கிலோமீட்டர், கேட்ட விலை 6.25 லட்சம். "டைமிங் பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு சாரே" என்றார். பில் கேட்டேன். பழைய ஓனரிடம் இருக்கும் என்றார்.

டைமிங் பெல்ட் என்று நான் இவ்வளவு அலட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்த எஞ்சினில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். பிஸ்டனும் வால்வும் ஒன்று விலகினால்தான் மற்றது வரமுடியும், அந்த அளவுக்கு நெருக்கம். அந்த முறையைக் காப்பதே பெல்ட்தான். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டும். கிலோமீட்டர் ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் வயதாகும். ஆகவே குறைந்த கிலோமீட்டர் என்று மட்டும் மயங்காதீர்கள்.

முதல் நாள் போனபோது, நாங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தார்கள். அப்பா பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம் மக்கா, நாளைக்கு வருவோம்" என்று சொல்லி நடந்துவிட்டார். ஆறின எஞ்சினில்தான் உண்மை தெரியும். டர்போவின் சீல் தேய்ந்திருந்தால் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வரும். ஆயில் அழுத்தம் ஏறத் தாமதமானால் அந்த ஓரிரு நொடியில் டக் டக்கென்று கேட்கும். சூடான பிறகு இவை பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். போகிற வழியில் மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் ஆசானை ஏற்றிக்கொண்டோம். இந்த விமர்சனத்தில் பாதி நட்சத்திரம் அவருக்குப் போக வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவி முதலில் அப்பா முகர்ந்தார், பெட்ரோல் வாடை இல்லை. ஆயில் மூடிக்கு அடியில் பால் ஏடு மாதிரி எதுவும் படிந்திருக்கவில்லை, அதாவது கூலன்ட் ஆயிலில் கலக்கவில்லை. ஸ்டார்ட் செய்தோம். புகை இல்லை, சத்தமும் இல்லை.

பிறகு ஆசான் ஸ்கேனரை மாட்டினார். கோளாறு எதுவும் காட்டவில்லை. எனக்குச் சந்தோஷம், அவருக்கு இல்லை. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள் எதுவும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டியது. "புதுசா யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க தம்பி, ஓட்டிப் பாக்கணும்" என்றார். கழக்கூட்டம் பைபாஸ் வரை போய் வந்து, அங்கங்கே நின்றும் வேகமெடுத்தும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினோம். சோதனைகள் முடிந்தன, பழுது எதுவும் திரும்பி வரவில்லை. பேட்டரி கழற்றினாலும் இப்படிக் காட்டும், அதனால் இதை மட்டும் வைத்து வியாபாரியைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை.

அந்த சூட்டிலேயே பிளக் நாலையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்தோம்: 165, 160, 165, 160 பிஎஸ்ஐ. எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நான் திரும்பிப் பார்க்காமல் வந்திருப்பேன்.

கடைசியாக, பெல்ட்டின் மேல் மூடியைத் திறந்தோம். ஓரமெல்லாம் பிசிறு, முதுகில் மெல்லிய வெடிப்பு. "இது கம்பெனியில இருந்து வந்த பெல்ட்டாக்கும்" என்றார் ஆசான். மாற்றியாச்சு என்று சொன்னது பச்சைப் பொய். அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. இதைத் தெரியாமல் வாங்கி, ஒரு பையன் நாலுவழிச்சாலையில் 120-இல் போயிருந்தால்?

பேசி 5.40 லட்சத்துக்கு முடித்தோம். அந்தப் பெல்ட்டோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்று அப்பா பிடிவாதம். 4,000 ரூபாய் கொடுத்து ரெக்கவரி வண்டியில் ஏற்றி மார்த்தாண்டம் கொண்டுவந்தோம். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலன்ட், பிளக், 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில் எல்லாம் சேர்த்து 34,000 ஆனது. சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர பதினோரு நாள். வாட்டர் பம்பும் பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம்.

இப்போது ஒன்றரை வருடம், 14,000 கிலோமீட்டர். எஞ்சின் ஒருநாளும் கைவிடவில்லை. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே கொஞ்சம் தூங்கும், அதைத் தாண்டியதும் காவல்கிணறு தாண்டிய நேர் ரோட்டில் அது இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடும். முப்பந்தலில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும் ஸ்டீயரிங் உறுதியாகப் பேசும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங், இப்போது புதிய கார்களில் கிடைப்பது அரிது. மைலேஜ் ஊருக்குள் 10, வெளியே 14. பின் சீட்டில் உயரமானவர்களுக்கு முட்டி இடிக்கும்.

ஆயில் 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், இடையில் கால் லிட்டருக்கும் குறைவாகவே ஊற்றியிருக்கிறேன். வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைப்பேன், டர்போவுக்குள் ஆயில் கருகக் கூடாது. எங்கள் வீடு கடற்கரையை ஒட்டியது என்பதால் மாதம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். உப்புக்காற்று இன்டர்கூலரையும் பிரேக் பைப்பையும் தின்றுவிடும்.

ரீமேப் செய்த, அதாவது கூடுதல் சக்திக்காக எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிய அபார்த் கிடைத்தால் விலை குறைவென்றாலும் வேண்டாம் என்பேன். எவ்வளவு காலம், எப்படி மிதித்தார்கள் என்பது எந்த ஸ்கேனரிலும் வராது. கம்பெனி மேப்பில், ஆயில் பில்லோடு ஒரு வண்டி கிடைத்தால், விலைக்கு மேல் 40,000 கையில் வைத்துக்கொண்டு தைரியமாக வாங்குங்கள்.

பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பானெட்டின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்தது ஐந்து வருடத்திலோ, மீட்டரில் 1,20,000 ஆகும்போதோ, எது முந்தியோ அது. எழுதியது அப்பாவின் கையெழுத்து. படகில் எஞ்சின் ரூம் கதவிலும் அவர் இப்படித்தான் எழுதுவார்.