22 வருடமாக டிடி எடுக்கிறேன்

பாளையங்கோட்டையில் சின்ன அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். டெண்டருக்கு ஈஎம்டி என்ற முன்வைப்புத் தொகை கட்ட 2003-ல் முதல் டிடி, அதாவது வங்கி வரைவோலை, எடுத்தேன். அதன்பின் எத்தனை எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. "போனிலேயே பணம் போகுது, இன்னும் டிடியாப்பா?" என்கிறான் மகன். சிமெண்ட் கடைக்கும் கம்பிக் கடைக்கும் நானும் போனில்தான் அனுப்புகிறேன். ஆனால் நிலம் வாங்க இன்றும் டிடிதான்.

காசோலை கொடுத்தால், என் கணக்கில் பணம் கிடக்கிறதா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டிடியில் பணத்தை முதலிலேயே என்னிடம் எடுத்துக்கொண்டுதான் வங்கி தாளை அச்சடிக்கிறது. பணமில்லை என்று திரும்பாது. பேங்கர்ஸ் செக், பே ஆர்டர் எல்லாம் இதே குடும்பம். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் சொல்லும் கேஷியர்ஸ் செக்கும் இப்படி வங்கியே பொறுப்பேற்பதுதான்.

2019-ல் சேரன்மகாதேவி பக்கம் ஒரு வயல் வாங்கினேன். விற்றவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், மும்பையிலிருந்து வந்த அக்கா ஒருவர். பணம் ஏறினால்தான் கையெழுத்து என்பது அவர்கள் பக்கம். கையெழுத்து விழுந்தால்தான் பணம் என்பது என் பக்கம். இரண்டுமே நியாயம். நாலு பேருக்கும் தனித்தனி டிடி எடுத்து, எண், தேதி, வங்கி, கிளை எல்லாம் பத்திரத்திலேயே எழுதினோம். டிடியை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், பதிவு முடிந்ததும் கையில் கொடுப்பதாகப் பேச்சு.

அங்கேதான் சறுக்கினேன். பட்டாவைப் பார்த்து, அக்கா பெயரை அப்பா இனிஷியலோடு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் வங்கிக் கணக்கோ கணவர் இனிஷியலில். "இது என் கணக்குல ஏறாதே தம்பி" என்று அவர் சொன்னபோது வெள்ளிக்கிழமை மதியம். அசல் டிடியைத் திருப்பிக் கொடுத்து, ரத்துக் கட்டணம் கட்டி, வேறு டிடி வாங்குவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. அக்கா ரயில் டிக்கெட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காசை நானே கொடுத்தேன். இப்போதெல்லாம் பாஸ்புக் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பார்த்துத்தான் சலானை நிரப்புகிறேன். கவுண்டரில் இருப்பவரும், "அண்ணாச்சி, பேரை இன்னொரு தடவை வாசிச்சுப் பாத்துருங்க" என்பார். வாசித்துப் பார்ப்பேன்.

முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டிடி பாதுகாப்பது வாங்குகிறவரை, கொடுக்கிறவரை அல்ல. கைமாறிய பிறகு, "ஆள் ஏமாற்றிவிட்டான், நிறுத்துங்கள்" என்று வங்கியில் போய் நிற்க முடியாது. ஆகவே முன்பணமாக டிடி கேட்கும் அறியாத ஆளுக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவருக்கும் ஓர் ஆபத்து உண்டு: போலி டிடி. அமெரிக்காவில் போலி கேஷியர்ஸ் செக் மோசடி ரொம்ப நாளாக நடக்கிறது. பணம் கணக்கில் ஏறியதுபோலக் காட்டும், போலி என்று தெரிந்ததும் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். பெரிய தொகை என்றால், எழுதிய வங்கியின் கிளைக்கே போய் எண்ணைச் சரிபார்ப்பது நல்லது. டிடியில் அச்சடித்த போன் நம்பரை நம்ப வேண்டாம்.

அப்புறம் விதிகள். 50,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் ரொக்கம் கட்டி டிடி எடுக்க முடியாது, கணக்கிலிருந்துதான் போக வேண்டும். 20,000 முதல் கட்டாயம் அக்கவுண்ட் பேயி கோடு போட்டுத் தருவார்கள், அதாவது பெயருள்ளவரின் கணக்கில்தான் ஏறும். 2018 செப்டம்பர் 15 முதல் எடுத்தவர் பெயரும் டிடியிலேயே வருகிறது. இது டெண்டர்க்காரர்களுக்குப் பெரிய உதவி.

டிடியின் ஆயுள் மூன்று மாதம்தான். 2012 ஏப்ரலுக்கு முன் ஆறு மாதம் இருந்தது. பழைய நினைப்பில், திரும்பி வந்த ஈஎம்டி டிடி ஒன்றை ஃபைலிலேயே வைத்துவிட்டேன். தேதி தாண்டினாலும் பணம் போகாது, ஆனால் எடுத்தவரே கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.

டிடியைக் கொடுக்கும் முன் இரு பக்கமும் படம் எடுத்து வைக்கிறேன். தொலைந்தால், டிடி எடுத்தவர் எழுதிக் கொடுத்த பதினைந்து நாளுக்குள் வங்கி நகல் டிடி தர வேண்டும். தாமதமானால் வைப்புநிதி வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் கேட்க டிடி எண் கையில் இருக்க வேண்டுமே.