எழுதியவர் ஏன் எழுதினார்? பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மூன்று வழிகள்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் இந்தக் கேள்விக்கு மூன்று விடைகளைச் சுவரிலேயே ஒட்டிவைப்பது வழக்கம்: இணங்கவைக்க, தெரியவைக்க, மகிழவைக்க. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பை' (PIE) என்பார்கள். நடத்துவதும் சுலபம், விடைத்தாள் திருத்துவதும் சுலபம்.

அன்றாடம் கண்ணில் படும் எழுத்தைக் கையில் கொடுத்தால்தான் சிக்கல் தெரியும். டெங்கு நோட்டீஸை எடுங்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகும் என்று முழுக்கத் தகவலாகவே போகும். பிள்ளைகள் "தெரியவைக்க!" என்று கத்துவார்கள். ஆனால் படித்தவர் எழுந்துபோய்க் கொல்லையில் கிடக்கும் டயரில் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும், அதற்காகத்தான் அந்த நோட்டீஸ். பஞ்சதந்திரத்துக் குரங்கு, முதலை கதைக்கு "மகிழவைக்க" என்று பதில் வரும். மூன்று இளவரசர்களுக்கு நீதி புகட்ட விஷ்ணுசர்மன் சொன்னவை என்று அந்நூலின் தொடக்கமே சொல்கிறது. மூன்றில் ஒன்றுக்கு டிக் அடிக்கச் சொன்னால் பிள்ளை அதோடு யோசிப்பதை விட்டுவிடும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் இருவரும் 1990-களில் முன்வைத்த முறை இதைவிட ஆழமானது. எழுதியவரும் நம்மைப்போல் பிசகக்கூடிய மனிதர்தான் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வாசிக்கும்போதே நடுநடுவே நிறுத்தி, "இவர் என்ன சொல்ல வருகிறார்? தெளிவாகச் சொன்னாரா? இதை ஏன் இப்போது சொல்கிறார்?" என்று கேட்பார்கள். எங்கெங்கே நிறுத்துவது என்று ஆசிரியர் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். பெரிய வகுப்பில் நாலைந்து பிள்ளைகளே பேசும் அபாயமும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. பிரான்சின் பார்-சுர்-லூ கிராமத்தில் 1920-களில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் வகுப்பறைக்குள் சின்ன அச்சு இயந்திரத்தையே கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்கள் வீட்டு, ஊர்ச் சங்கதிகளை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்து, தூரத்துப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள பிள்ளைகள் எழுதியவையும் திரும்பி வந்தன. இன்று அச்சு இயந்திரம்கூட வேண்டாம், ஒரு தாளும் தபால் உறையும் போதும். "நம்ம ஊர்த் தேரை அவங்க பார்த்ததில்லையே, எவ்வளவு உயரம்னு எழுதணும்" என்று ஒரு பிள்ளை தானே முடிவெடுக்கும் இடத்தில், எழுத்துக்கு நோக்கம் உண்டு என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நேரம் பிடிக்கும், மதிப்பெண் போடுவதும் கஷ்டம்தான்.

ஆகவே இரண்டாம் வகுப்பிலேயே கடிதத்தில் தொடங்கலாம். மூன்றாம் வகுப்பிலிருந்து பெக், மெக்கியோன் கேள்விகளைச் சேர்க்கலாம். சுவர் அட்டை திருப்புதலுக்கு மட்டும் இருக்கட்டும். மாதம் ஒரு கடிதம் போனால்கூட நல்லது, ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் திருத்தி மறுபடி எழுதச் சொல்லாத வரை.